குழல் ஊதிய பொம்மை

1738 பிப்ரவரியில் பாரிஸ் மக்கள் காசு கொடுத்துக் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்த்தது ஒரு பொம்மையை. ஆளுயர மர உருவம். பளிங்குச் சிலைபோல் வெள்ளை பூசியிருந்தது. கையில் புல்லாங்குழல். 12 மெட்டுகள் வாசித்தது. உள்ளே இசைப்பெட்டியை ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று பலர் சந்தேகப்பட்டார்கள். அப்படி எதுவும் இல்லை. பொம்மை உண்மையாகவே ஊதியது.

செய்தவர் ழாக் தெ வோக்கான்சோன். அப்போது அவருக்கு 30 வயதுகூட ஆகவில்லை. புல்லாங்குழல் பிடிவாதமான வாத்தியம். விரல்களை மாற்றாமலே பலமாக ஊதினால் ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே ஏறிவிடும். உதட்டு இடைவெளி சற்று மாறினாலும் ஒலி கெடும். அதனால் 9 துருத்திகளை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு அழுத்தம் கொடுத்தார். விரிந்து சுருங்கும் உதடுகள், காற்றைத் தடுத்து விடும் நாக்கு, துளைகளைக் கசிவில்லாமல் மூட விரல் நுனியில் தோல். எல்லாவற்றையும் ஆட்டுவித்தது முளைகள் அறைந்த ஓர் உருளை. அது சுழலச் சுழல, முளை எந்த நெம்புகோலைத் தூக்குகிறதோ அந்த உறுப்பு அசையும். மெட்டு முழுவதும் முளைகள் நின்ற இடங்களில்தான் இருந்தது.

வேடிக்கைப் பொருள் ஒன்று, மனிதன் குழலுக்குள் எப்படி மூச்சு விடுகிறான் என்று அளந்து பார்க்க வைத்ததே எனக்குப் பெரும் வியப்பு. வாசிப்பவர்களுக்கே சொல்லத் தெரியாத நுட்பம் அது! வோக்கான்சோன் அதை விளக்கி பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார்.

அடுத்து, தானியம் கொத்தி எச்சமிடும் வாத்து. பேர் வாங்கியது அதுதான். ஆனால் எச்சம் முன்பே நிரப்பி வைத்தது என்பது பின்னால் தெரிந்தது. குழலூதியே மேல்.

1741-ல் அரசாங்கம் அவரைப் பட்டு நெசவுத் தொழிலின் கண்காணிப்பாளர் ஆக்கியது. எந்த விரல் எழ வேண்டும் என்பதும், எந்தப் பாவு நூல் எழ வேண்டும் என்பதும் ஒரே கணக்குதானே? துளையிட்ட காகிதத்தால் தறியை நடத்தும் யோசனை லியோன் நகரில் ஏற்கெனவே இருந்தது. அதைக் கொண்டு 1745 வாக்கில் தானே இயங்கும் தறி ஒன்றைச் செய்தார். அது பரவவில்லை. 1804 வாக்கில் ழோசப் மரி ஜக்கார்டு அந்த வழியிலேயே போய், கோத்த அட்டைகளால் இயங்கும் கருவியை உருவாக்கினார். துளை இருந்தால் ஊசி நுழையும், நூல் எழும்; இல்லையேல் நூல் கிடந்தபடி கிடக்கும். சார்லஸ் பாபேஜ் தன் கணக்குப் பொறிக்குக் கட்டளையிட இதே அட்டைகளைத்தான் தேர்ந்துகொண்டார்.

காஞ்சிபுரத்துத் தறிகளின் மேல் ஜக்கார்டு பெட்டி இருக்கிறது. முந்தானையில் மயிலும் அன்னப்பட்சியும் ஏறுவது அந்த அட்டைத் துளைகளின் வழியாகத்தான். சில தறிகளில் இப்போது அட்டைகளின் வேலையை மின்னணுப் பெட்டியே செய்கிறது.