சிவப்புத் துண்டும் காவிக் கயிறும்

திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்ட் டீக்கடை பெஞ்ச். இந்தப் பக்கம் சித்தப்பா, தோளில் சிவப்புத் துண்டு. அந்தப் பக்கம் அவர் மகன், மணிக்கட்டில் காவிக் கயிறு. நடுவில் நான், பி.காம்., கையில் டீ கிளாஸ். எந்தப் பக்கம் திரும்பினாலும் சிந்தும்!

சித்தப்பாவின் அப்பா, அதாவது என் தாத்தா, பண்ணையாள். சவுக்கடி, சாணிப்பால் தண்டனையெல்லாம் இருந்த சீமை இது. 1940-களில் பி.சீனிவாச ராவ் வந்து சங்கம் கட்டினார். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதிலிருந்து எங்கள் வீட்டில் கதிர் அரிவாளுக்குப் போடுவது ஓட்டு இல்லை சார், குடும்ப வழக்கம். 2021-ல் திருத்துறைப்பூண்டி, 2024-ல் நாகப்பட்டினம் எம்.பி. தொகுதி, இரண்டுமே இந்தியக் கம்யூனிஸ்ட்டுக்குத்தான். ஆனால், அதே 2024-ல் நாகையில் பா.ஜ.க.வுக்கும் லட்சம் ஓட்டு விழுந்தது. அதில் ஒன்று என் தம்பியுடையது.

"ஏன்டா?" என்றேன்.

"அண்ணே, தோழர்களுக்கு நான் எப்பவும் கூலிக்காரன் மகன். டக்-இன் பண்ணி, ஷூ போட்டு, ஃபைனான்ஸ் கம்பெனியில ஃபீல்டு எக்ஸிகியூட்டிவா இருக்கேன். இவங்க 'இந்து இளைஞனே'ங்கிறாங்க. கேக்கவே கெத்தா இருக்கு."

பையன் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அறுவடைக்கு மெஷின் வந்தாச்சு. பிள்ளைகள் திருப்பூர், சிங்கப்பூர் என்று கிளம்பியாச்சு. 'விவசாயத் தொழிலாளி' என்ற பெயர் கழன்று விழுந்தது. புதுப்பெயர் வைக்கத் தோழர்களுக்குத் தோன்றவில்லை. காலி நாற்காலியில் மதமும் சாதியும் உட்கார்ந்துவிட்டன. மேற்கு வங்கத்தில் 2014-ல் சுமார் 30 சதவிகிதம் வாங்கிய இடதுசாரிகள், 2019-ல் ஏழு சொச்சம். பா.ஜ.க. 17-லிருந்து 40. எங்கள் பேரேட்டு பாஷையில் இது டிரான்ஸ்ஃபர் என்ட்ரி!

அதுவரை பேசாத சித்தப்பா கேட்டார்: "ஞாயித்துக்கிழமை லீவு உண்டாடா?"

"கலெக்ஷன் முடிச்சா உண்டு."

"பி.எஃப்.?"

"கான்ட்ராக்ட்டுப்பா..."

"திடீர்னு நிறுத்தினா யாரு கேப்பா?"

பதில் இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. டை கட்டி வேலை பார்த்த ஏழு வருஷமும் எனக்கு பி.எஃப். கிடையாது. ஆனாலும் யாராவது 'தொழிலாளி' என்றால் சுருக்கென்று கோபம் வரும். உங்களுக்கு எப்படி?

தம்பியின் செல்போன் அடித்தது. சட்டென்று எழுந்து நின்றான். "யெஸ் சார்... இன்னிக்கே முடிச்சிடறேன் சார்..." பைக்கை உதைத்துப் பறந்துவிட்டான்.

"போன்ல பேசறதுக்கும் எழுந்து நிக்கறான் பார்த்தியா?" என்றார் சித்தப்பா.

மூன்று டீக்கும் அவரே காசு கொடுத்தார்.