கூரைக்குக் கீழே – 14: தரை போனது, கூரை நின்றது

அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் இருக்கும் சியாட்டில் நகரத்தின் உள்ளரங்கத்துக்கு இதுவரை நான்கு பெயர்கள். 1962-ல் கட்டியபோது அது வாஷிங்டன் மாநிலக் கண்காட்சி மண்டபம். பிறகு சியாட்டில் சென்டர் கொலிசியம், 1995 முதல் கீ அரீனா, 2021 முதல் கிளைமேட் பிளெட்ஜ் அரீனா. பெயரோடு சேர்ந்து உள்ளே இருந்த தரை, இருக்கைகள், சுவர்கள் எல்லாம் மாறின. மேலே சரிந்து இறங்கும் கூரையின் வடிவம் மட்டும் 1962-ல் இருந்ததுதான். இத்தனை வேலைகளுக்குப் பயன்பட்டு, இத்தனை முறை குடையப்பட்டு, அதே தோற்றத்தோடு நிற்கும் உள்ளரங்கம் உலகில் அபூர்வம்.

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கத்தில் ஒளி ஊடுருவும் கூரைப் பலகைகளுக்கு வண்ணம் பூசியதும் கீழே புல் செத்த கதை சென்ற வாரத்தோடு முடிந்தது. பனித்தளத்தைக் கூடைப்பந்து ஆடுகளமாக மாற்றும் வேலை இந்த வாரம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. அதற்கு முன் சியாட்டில் கூரையைச் சொல்லியாக வேண்டும்.

1962 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை சியாட்டிலில் உலகக் கண்காட்சி நடந்தது. 'செஞ்சுரி 21' என்பது அதன் பெயர். இருபத்தோராம் நூற்றாண்டு எப்படி இருக்கும் என்று காட்டுவதே நோக்கம். ஸ்பேஸ் நீடில் கோபுரமும் ஒற்றைத் தண்டவாள மோனோரயிலும் அந்தக் கண்காட்சிக்காக எழுந்தவை. எதிர்கால உலகைக் காட்டும் மண்டபத்தை வடிவமைத்தவர் பால் தைரி. உள்ளே ஒரு தூண்கூடக் கூடாது. கண்காட்சி முடிந்ததும் நகரம் அதை விளையாட்டுக்கும் கச்சேரிக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் ஒரே விடையாக அவர் எடுத்துக்கொண்டது குதிரைச் சேணம் போன்ற வளைவு. ஒரு திசையில் மேல்நோக்கியும் குறுக்குத் திசையில் கீழ்நோக்கியும் வளையும் பரப்பு அது. இரு எதிர்த் திசை வளைவுகளும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிப்பதால் நடுவில் தாங்கல் தேவைப்படுவதில்லை. கூரையின் பாரம் நான்கு பெரிய கான்கிரீட் முட்டுகள் வழியாக மண்ணில் இறங்கியது.

கண்காட்சியின்போது மக்களை மண்டபத்துக்குள் மேலே கொண்டுபோனது 'பபிளேட்டர்' என்ற லிஃப்ட். ஒளி ஊடுருவும் உருண்டை. அதற்குள் ஓட்டுநருக்குத் தனி ஆசனம். ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டமே ஏறும். கண்காட்சி முடிந்த பிறகு பக்கத்துக் கட்டடத்தில் கொஞ்ச காலம் ஓடியது. கடைசியில் அதன் கவிகை புறநகர் வீடொன்றின் தோட்டத்தில் செடி வளர்க்கும் பசுமைக்குடிலாகப் போய்ச் சேர்ந்தது. எதிர்காலத்தைக் காட்ட வந்த பொருளுக்கு நல்ல முடிவுதான்.

மண்டபம் கொலிசியமானது. 1964 ஆகஸ்ட் 21 அன்று பீட்டில்ஸ் அங்கே பாடினர். 1966-ல் மறுபடி வந்தனர். 1967-ல் சூப்பர்சானிக்ஸ் என்ற கூடைப்பந்து அணி குடிபுகுந்தது. அணி வளர வளர இடம் போதாமல் 1978-ல் நகரின் தெற்கே இருந்த கிங்டோம் அரங்கத்துக்குப் போயிற்று. 1985-ல் திரும்பி வந்தது. வந்த முதல் பருவத்திலேயே கூரை சோதித்தது. 1986 ஜனவரி 5, ஃபீனிக்ஸ் சன்ஸ் அணியோடு ஆட்டம். வெளியே மழை, கூரையிலிருந்து சொட்டுச் சொட்டாக ஆடுகளத்தில் விழுந்தது. பந்து எடுத்துக் கொடுக்கும் பையன்கள் துண்டோடு ஓடி ஓடித் துடைத்தார்கள். துடைத்த இடத்தில் மறுபடி சொட்டியது, ஆட்டக்காரர்கள் வழுக்கினார்கள். இரண்டாம் கால் பகுதியில், ஃபீனிக்ஸ் 35–24 என்று முன்னிலையில் இருந்தபோது நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். மீதி ஆட்டம் மறுநாள். என்.பி.ஏ. போட்டி ஒன்று மழையால் ஒத்திவைக்கப்பட்டது அன்றுதான்.

கிங்டோமின் கூரைக்கு நேர்ந்ததோ இதைவிட மோசம். 1976-ல் திறந்த கான்கிரீட் கவிகை அது. 1994 ஜூலை 19 அன்று, பேஸ்பால் ஆட்டத்துக்குக் கூட்டத்தை உள்ளே விடும் முன், நீர் ஊறிக் கனத்த உட்கூரை ஓடுகள் இருக்கைகள் மேல் விழுந்தன. பழுதுபார்க்கும் வேலையில் இரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். 2000 மார்ச்சில் வெடிவைத்துக் கிங்டோமைத் தகர்த்தார்கள். கிங்டோமுக்காக வாங்கிய கடன் 2015 வரை அடைபட்டுக்கொண்டிருந்தது. கட்டடம் இல்லாத இடத்துக்குப் பதினைந்து ஆண்டு தவணை.

கொலிசியத்தை இடிக்காமல் மாற்றுவது என்று நகரம் முடிவெடுத்தது சரியான முடிவு. 1994–95-ல் பழைய எஃகுச் சட்டங்களோடு நான்கு புதிய மூலைவிட்டச் சட்டங்களைச் சேர்த்துக் கூரையைப் புதுப்பித்தார்கள், வடிவம் கெடவில்லை. கூடுதல் இருக்கைகளுக்காக ஆடுகளத்தைத் தெருமட்டத்துக்கு 35 அடி கீழே இறக்கினார்கள். கீ அரீனா பிறந்தது. ஆனால் அது கூடைப்பந்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. கூடைப்பந்து ஆடுகளம் 94 அடி நீளம், 50 அடி அகலம். வட அமெரிக்க ஐஸ் ஹாக்கித் தளமோ 200 அடிக்கு 85 அடி. கீ அரீனாவில் அதை ஒரு பக்கமாகத் தள்ளித்தான் போட முடிந்தது. மேலே தொங்கிய ஸ்கோர் போர்டு தளத்தின் நடுவுக்கு நேராக இல்லாமல் ஓரமாக நின்றது. இளையோர் ஹாக்கி அணி ஒன்று அப்படியே பல ஆண்டுகள் ஆடிவிட்டு 2008-ல் வெளியேறியது. அதே ஆண்டில் சூப்பர்சானிக்ஸ் ஓக்லஹோமா சிட்டிக்குப் போனது. பெண்கள் கூடைப்பந்து அணியான சியாட்டில் ஸ்டார்ம் மட்டும் நிலைத்தது. 2004, 2010, 2018, 2020 என நான்கு பட்டங்கள் அதன் கணக்கில்.

பெரிய அணி போன பிறகு அரங்கம் சும்மா கிடக்கவில்லை. 2014 முதல் 2017 வரை 'டோட்டா 2' கணினி விளையாட்டின் உலகப் போட்டி அங்கே நடந்தது. 2017-ல் பரிசுத் தொகை இரண்டு கோடி டாலரைத் தாண்டியது. 2014 அக்டோபரில் நான்கு நாள் இலவச மருத்துவ முகாம். காப்பீடு இல்லாதவர்கள் வரிசையில் வந்து பல் பிடுங்கிக்கொண்டார்கள், கண்ணாடிக்கு அளவு கொடுத்தார்கள். பல்நோக்கு என்ற சொல்லுக்கு இதைவிட நேரான சான்று கிடைக்காது.

2017-ல் கட்டடம் நகரப் பாரம்பரியச் சின்னமானது. இனிக் கூரையை இடிக்க வழியில்லை. 2018 டிசம்பரில் தேசிய ஹாக்கி லீக் சியாட்டிலுக்கு அணி தந்தது. மறுநாளே வேலை தொடங்கியது. புதிய அரங்கம் இரு மடங்கு பெரிதாக வேண்டும், மேலே வளர இடமில்லை. ஆகவே கீழே போனார்கள். கூரையின் எடை 4 கோடியே 40 லட்சம் பவுண்டு, அதாவது சுமார் 20,000 டன். முதலில் தற்காலிக எஃகுத் தூண்களை நட்டுப் பாரம் முழுவதையும் அவற்றின் மேல் ஏற்றினார்கள். பிறகு பழைய இருக்கைகளை இடித்து, சுற்றுச்சுவர்களுக்கு அப்பாலும் மண்ணை எடுத்து, தெருமட்டத்துக்கு 53 அடி கீழே போனார்கள். சியாட்டில் நிலநடுக்கப் பகுதி. கூரையைக் கீழே விழாமல் தாங்கினால் மட்டும் போதாது. பூமி பக்கவாட்டில் ஆடினாலும் அது நகராமல் இருக்க வேண்டும். அதற்கும் தனியாக எஃகு முட்டுக் கொடுத்தார்கள். குழிக்குள் புதிய அரங்கம் எழுந்த பிறகு பாரத்தை அதன்மேல் மாற்றி, தற்காலிகத் தூண்களைக் கழற்றினார்கள். பலநூறு தொழிலாளர்கள் மாதக்கணக்கில் அந்த 20,000 டன்னுக்கு நேர் கீழே நின்று வேலை செய்தார்கள் என்பதை நினைத்தால் மலைப்பு தீர்வதில்லை. செலவு நூறு கோடி டாலருக்கு மேல்.

2021 அக்டோபர் 23 அன்று அந்தப் புதிய ஹாக்கி அணியான கிராக்கனின் முதல் சொந்த ஊர் ஆட்டம் நடந்தது. பெயர் உரிமையை வாங்கிய அமேசான் நிறுவனம் தன் பெயரை வைக்காமல், 2040-க்குள் கரியமில உமிழ்வை நிகர பூஜ்யமாக்கும் உறுதிமொழியின் பெயரை வைத்தது. நடுவில் ஒரே ஸ்கோர் போர்டு இல்லை; இரு முனைகளிலும் முக்கோண வடிவில் இரண்டு தொங்குகின்றன. நுழைவுச்சீட்டு இருந்தால் பொதுப் போக்குவரத்து இலவசம். 1962-ன் மோனோரயிலும் அதில் அடக்கம். 1986-ல் ஆட்டத்தைக் கெடுத்த மழைநீருக்கும் இப்போது வேலை உண்டு. கூரையில் விழுவதைக் குழாய் வழியே 15,000 காலன் தொட்டியில் சேர்த்து, வடிகட்டி, ஐஸ் ஹாக்கித் தளத்தை உறைய வைக்கிறார்கள்.

அந்தப் பனியைக் கரைக்காமலே மேலே பலகை விரித்து ஒரே இரவில் கூடைப்பந்துக்கும் கச்சேரிக்கும் தரையை மாற்றும் வேலை, அதற்கான ஆட்கள், அவர்கள் கையாளும் கருவிகள் – அடுத்த வாரம்.