கடனுதவித் திட்டங்களும் குடியுரிமைச் சரிபார்ப்பும்: கேமரன் மலைத் தோட்டச் சமூகத்தை முன்வைத்து

அரசின் ஆதரவோடு வழங்கப்பெறும் தொழிற்கடனுக்கு விண்ணப்பிப்போரின் குடியுரிமைத் தகுதியைச் சரிபார்ப்பது பொதுவான நடைமுறையாகும். ஆயினும், பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களுள் சிலவற்றிற்கு அச்சரிபார்ப்பு, பெற்றோர், பாட்டன் பாட்டியர் ஆவணங்கள் வரை பின்னோக்கிச் செல்கிறது. அதன் காரணங்களையும் தமிழாசிரியர்க்கு அதில் உள்ள பங்கையும் இங்குக் காண்போம்.

1929ஆம் ஆண்டில் ஜே.ஏ. ரசல் தொடங்கிய போ தோட்டம் முதலியவற்றில் தமிழ்த் தொழிலாளர் உழைத்தனர். இன்று தோட்ட வேலையில் அயல்நாட்டுத் தொழிலாளர் மிகுந்துள்ளனர். தோட்டத்தைவிட்டு வெளியேறிய தலைமுறைக்கு உணவுக்கடை, காய்கறி வாணிகம், போக்குவரத்து போன்ற சிறுதொழில்களே வழியாகின்றன. அதற்கு முதல் தேவை. 1998இல் தோன்றிய தெக்குன் நிறுவனத்தின் ஸ்பூமி திட்டம் இந்திய வம்சாவளி மலேசியக் குடிமக்களுக்கெனவே அமைந்தது. 2024இல் அதன் விரிவாக்கத்திற்கு 30 மில்லியன் ரிங்கிட் ஒதுக்கப்பட்டது.

சரிபார்ப்பில் இரு வினாக்கள் அடங்கியுள்ளன. ஆவணம் உண்மையானதா என்பது ஒன்று. அது காட்டும் தகுதி யாது என்பது மற்றொன்று. நீல நிற மைகார்ட் குடிமகனையும், சிவப்பு அட்டை நிரந்தரவாசியையும், பச்சை அட்டை தற்காலிகவாசியையும் குறிக்கும். சிவப்பு அட்டையாளர் சட்டப்படி வாழ்பவரே. எனினும், குடிமக்களுக்குரிய திட்டத்தில் அவர்க்கு இடமில்லை.

இந்நிலைக்கு வரலாற்றுக் காரணங்கள் உள. 1957இல் விடுதலை பெற்றபோது, அதற்குமுன் இந்நாட்டிற் பிறந்தும் குடியுரிமை பெறாதிருந்தோர், வசிப்புக் காலமும் அடிப்படை மலாய்மொழி அறிவும் காட்டிப் பதிந்துகொள்ள அரசமைப்பு வழிவகுத்தது. தோட்டத்தொழிலாளர் பலர் அவ்வாறு பதிந்துகொள்ளவில்லை. 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் வரை இம்மண்ணிற் பிறந்தோர் பிறப்பாலேயே குடிமக்களாயினர். அதன்பின், பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்ற விதி வந்தது. ஆகவே, பெற்றோரின் ஆவணமே பிள்ளையின் குடியுரிமைக்குச் சான்றாயிற்று.

திருமணப் பதிவும் இதனோடு தொடர்புடையது. 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்தபின், முஸ்லிமல்லாதார் திருமணங்களைப் பதிவுசெய்தல் கட்டாயமாயிற்று. கோயிலில் தாலி கட்டியதோடு நின்ற இணையரின் பிள்ளை, சட்டப்படி தாயின் தகுதியையே பெறும். தந்தை குடிமகனாயினும் தாய்க்கு ஆவணமில்லையேல் பிள்ளையின் குடியுரிமை கேள்விக்குள்ளாகும். சமூகம் ஏற்ற திருமணத்தைச் சட்டம் ஏற்காமையால், அதன் சுமை அடுத்த தலைமுறையின்மேல் விழுகிறது.

கடன் அலுவலகத்தில் இக்குறை வெளிப்படும்போது காலம் பெரிதும் கடந்துவிடுகிறது. முதலாம் ஆண்டுச் சேர்க்கையின்போது பிறப்புப் பத்திரத்தைப் பார்ப்பது பள்ளியே. பிள்ளை குடிமகன் அல்லர் என்ற குறிப்பு அதில் இருக்குமாயின், பெற்றோரைத் தேசியப் பதிவுத் துறைக்கு அப்போதே அனுப்பிவைத்தல் நன்று. 12 வயதில் அடையாள அட்டை பெறும் பருவம் அடுத்த வாய்ப்பாகும். அரசமைப்பின் 15ஏ பிரிவின்கீழ்ச் சிறார்க்குரிய விண்ணப்ப வயது வரம்பை 21இலிருந்து 18ஆகக் குறைக்கும் திருத்தம் 2024 அக்டோபரில் மக்களவையில் நிறைவேறியதால், காலந்தாழ்த்தாமை மேலும் இன்றியமையாததாகிறது.

கடன் வழங்குவோர் தகுதியைச் சரிபார்ப்பது முறையே. அத்தகுதியை உரிய காலத்தில் பெற்றுத்தரும் பணி பள்ளியிலேயே தொடங்குகிறது என்பதைத் தமிழாசிரியர்கள் கருத்திற் கொள்ளுதல் தகும்.