சூதும் திறமையும்

ரயில் வண்டியிலும் தேநீர்க் கடையிலும் இன்று அடிபடுகிற பேச்சுகளில் கைப்பேசி விளையாட்டைப் பற்றிய பேச்சுக்கு முக்கியமான ஸ்தானம் உண்டு. சில நாட்களுக்கு முன் விழுப்புரத்திலிருந்து சென்னைக்கு வரும் வண்டியில் நமக்கு எதிரே அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், பக்கத்திலிருந்த வாலிபன் கைப்பேசியில் மூழ்கிக் கிடப்பதைக் கண்டு, "சம்பாத்தியத்தை எல்லாம் இதிலே தொலைத்துவிடாதே, தம்பி" என்றார். "இதில் பணம் கிடையாது, ஐயா, சதுரங்கம்" என்றான் அவன். "எல்லாம் ஒன்றுதான்" என்று பெரியவர் தீர்ப்புக் கூறிவிட்டார். ஜன்னலோரத்தில் இருந்த மற்றொருவரோ, "புத்தியோடு ஆடினால் எவனும் கெடமாட்டான்; கெடுகிறவன் கெட்டுப்போகட்டும்" என்றார். தாம்பரம் வருமுன்னரே பேச்சு வேறு விஷயத்துக்குத் தாவிவிட்டது. ஆயினும் இவ்விஷயத்தில் நாட்டில் நிலவும் அபிப்பிராயங்கள் எல்லாம் அந்தச் சில வாக்கியங்களுக்குள் அடங்கிக் கிடப்பதாக நமக்குத் தோன்றிற்று.

பெரியவரின் அச்சம் நியாயமானது. அவர் தீர்ப்பு பிசகானது. 2020-ம் வருஷம் ஆகஸ்டில் நோய்க்கு அஞ்சி உலகமே வீட்டுக்குள் அடைபட்டிருந்த சமயம், சர்வதேசச் சதுரங்க சம்மேளனம் இணைய வழியாகவே ஒலிம்பியாட் போட்டியை நடத்தியது. இறுதிச் சுற்றில் நம்மவர் சிலருக்கு இணையத் தொடர்பு அறுந்துபோய், முடிவில் இந்தியாவும் ரஷ்யாவும் கூட்டாக வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. (நம் நாட்டு இணையத்தின் யோக்கியதையை உலகம் அறிய அதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்த்திராது.) இத்தகைய ஆட்டத்தையும், ரொக்கம் கட்டி ஆடும் ரம்மியையும் ஒரே மூட்டையில் கட்டினால், வாலிபர்கள் நமது பேச்சைக் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

ஜன்னலோரத்து நண்பரின் அபிப்பிராயமே அதிகக் கெடுதல் செய்வது. கம்பெனிகளின் விளம்பரங்கள் வருஷக்கணக்காகப் போதித்து வந்ததும் அதுவே. ரம்மி திறமையின் ஆட்டம் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது என்பார்கள். சொன்னது உண்மை. செகந்திராபாத்தில் ஒரு கேளிக்கை மன்றத்தின்மீது நடந்த வழக்கில், 1967-ம் வருஷம், விழுந்த சீட்டுகளை நினைவில் வைத்து ஆட வேண்டியிருப்பதால் ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று அந்த நியாயஸ்தலம் கூறிற்று. ஆனால் அதே தீர்ப்பில் இன்னொரு வாக்கியமும் இருக்கிறது. பந்தயம் வைத்து ஆடும் ரம்மியிலிருந்து மன்றத்தின் சொந்தக்காரர் லாபம் அடைவதற்குச் சாட்சியம் இருக்குமானால் குற்றம் ருஜுவாகக்கூடும் என்பது அதன் கருத்து. முன்பாதியை நாடெங்கும் முழங்கியவர்கள் இந்தப் பின்பாதியைச் சொன்னதாக நமக்கு நினைவில்லை.

லாபம் எப்படி வருகிறதென்று பாருங்கள். ஆறு பேர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டி உட்காருகிறார்கள். கம்பெனி நூற்றுக்குப் பத்து எடுத்துக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். ஜயித்தவருக்கு 540, கம்பெனிக்கு 60. பத்து ஆட்டம் முடிவதற்குள் 600 ரூபாய், அதாவது ஆறு பேரும் முதலில் கொண்டுவந்து வைத்த மொத்தத் தொகை, கம்பெனியின் பெட்டிக்குள் போய்விடும். ஆறு பேருமே மகா சமர்த்தர்களாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. ஒருவனுடைய திறமை மற்றவனுடைய பணத்தைப் பிடுங்கப் பயன்படுமேயன்றி, கம்பெனியின் பங்கை ஒரு காசும் குறைக்காது.

ஊர்ச் சீட்டாட்டத்தில் சில காவல்கள் இருந்தன. கையிலிருந்த ரொக்கம் தீர்ந்தால் எழுந்திருக்க வேண்டும். கடன் கேட்டால் முகம் பார்த்துக் கேட்க வேண்டும். விடிந்தால் வீட்டார் தேடி வருவார்கள். கைப்பேசியிலோ பணம் வெறும் எண்ணாகிவிடுகிறது. தோற்றவனுக்கு மறு நிமிஷமே சலுகைத் தொகை என்று ஒரு தூண்டில் வருகிறது. அதுவும் போனால் கடன் கொடுக்க வேறொரு செயலி அதே கைப்பேசியில் காத்திருக்கிறது. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்கும் தெரியாமல் ஒருவன் வருஷச் சம்பாத்தியத்தை இழக்கலாம். கெடுகிறவன் கெடட்டும் என்பவர்கள், அவனுடைய குழந்தைகளின் பள்ளிச் சம்பளமும் அத்துடன் போவதை எண்ணிப் பார்க்கவில்லை.

நமது ராஜ்யத்தில் சட்டம் பட்ட பாடு சொல்லி முடியாது. 2020 நவம்பரில் அவசரச் சட்டம்; அதைத் தொடர்ந்து வந்த சட்டம் 2021 ஆகஸ்டில் சென்னை ஹைகோர்ட்டில் ரத்தாயிற்று. ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022 அக்டோபரில் சட்ட சபை புதிய மசோதாவை நிறைவேற்றிற்று. கவர்னர் அதை 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். சபை மறுபடியும் நிறைவேற்றிய பிறகே ஏப்ரலில் அவருடைய சம்மதம் கிடைத்தது. அதே வருஷம் நவம்பரில் ஹைகோர்ட் சட்டத்தை ஒப்புக்கொண்டு, ரம்மியையும் போக்கரையும் தடையிலிருந்து விலக்கிவிட்டது. நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை பணம் வைத்து ஆடக்கூடாது என்றும், ஆதார் சரிபார்ப்பு வேண்டுமென்றும் 2025 பிப்ரவரியில் விதிகள் வந்தன. ஜூனில் ஹைகோர்ட் அவற்றை ஆதரித்தது. அடுத்த ஆகஸ்டிலேயே பார்லிமெண்ட், திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் எதுவாயினும் கூடாதென்று சட்டம் இயற்றிற்று. நடத்துவோருக்கு மூன்று வருஷம்வரை சிறை, ஒரு கோடி ரூபாய்வரை அபராதம். ஆடுகிறவனுக்குத் தண்டனை இல்லை. இந்த இறுதி அம்சத்தை நாம் மனமார வரவேற்கிறோம். எனினும் 2023 அக்டோபர் முதல் இதே பந்தயத் தொகைமீது 28 சதவிகிதம் வரி வாங்கி வந்தவர்களும் நமது சர்க்கார்களே என்பதை மறைத்துப் பயனில்லை.

தடை விதித்தால் ஆடுகிறவன் அந்நிய நாட்டுத் தளத்துக்குப் போய்விடுவான் என்ற ஆட்சேபத்தை அலட்சியம் செய்வதற்கில்லை. சிலர் போகவே செய்வார்கள். அங்கே ஏமாந்தால் கேள்வி முறை இல்லை. ஆனால் கிரிக்கெட் வீரரையும் சினிமா நடிகரையும் வைத்து வீட்டுக் கூடத்திலேயே அழைப்பு விடுப்பதும், திருட்டு வழியைத் தேடிப் போவதும் சமமாகா. வேலையிழந்த கம்பெனிச் சிப்பந்திகளின் கஷ்டம் உண்மையானது. அவர்களுக்கு வேறு தொழில் தேடிக் கொடுப்பது வேறு பிரச்சினை.

நமது தேச ஊழியர்களுக்கு இதில் வேலை உண்டு. அக்காலத்தில் கள்ளுக்கடை மறியலுக்கு நிற்க ஒரு வாசல் இருந்தது. இந்தக் கடைக்கு வாசல் இல்லை. ஆகையால் ஊழியர் வீட்டு வாசலுக்குத்தான் போக வேண்டியிருக்கும். பணத்தை இழந்தவன் முதலில் மறைப்பது வீட்டாரிடம். அவனைக் குற்றவாளிபோல் நடத்தாமல், கடன் எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்குகிறவர் ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் தேவை. கடன் செயலிக்காரர் மிரட்டினால் 1930 என்ற எண்ணில் புகார் செய்யலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தவர்க்கு 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள். இந்த இரண்டு எண்களையும் வார்டு தோறும் சுவரில் எழுதி வைக்க அதிகச் செலவாகாது.