ஹைலக்ஸை ராப்டர் ஆக்க ஆசையா? முதலில் கணக்கைப் போடுங்கள்

தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்துக்குப் பக்கத்தில் ஒரு சனிக்கிழமை மாலை நின்று பாருங்கள். செம்பனைக் குலை ஏற்றிய பழைய டொயோட்டா ஹைலக்ஸ் ஒன்று போகும். அதன் பின்னாலேயே இன்னொரு பிக்கப் உறுமிக்கொண்டு வரும். உயர்த்திய உடல், பெரிய டயர், முன்பக்கத்தில் கொட்டை எழுத்து. கைப்பேசிகள் எல்லாம் இரண்டாவது வண்டியின் பக்கம்தான் திரும்பும்.

எஸ்பிஎம் முடித்து வேலைக்குப் போகும் இளைஞர்கள் பலருக்கு இது கனவு. அமெரிக்காவின் டொயோட்டா டகோமாவையோ ஃபோர்டு எஃப்-150 ராப்டரையோ இறக்குமதி செய்ய முடியுமா? முடியாவிட்டால், கையில் இருக்கும் வண்டியை அதுபோல மாற்றிக்கொள்ளலாமா?

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. இவை இரண்டும் தொழிற்சாலையிலிருந்தே இடப்பக்க ஸ்டியரிங்கோடு வருபவை. நம் சாலையில் பதிவாக வேண்டிய வண்டிக்கு ஸ்டியரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும். அதற்குமேல், முதலீடு, வாணிப, தொழில்துறை அமைச்சு வழங்கும் 'ஏபி' என்ற இறக்குமதி அனுமதி வேண்டும். சுங்க வரி தனி.

"ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றினால் போச்சு" என்று பட்டறையில் யாராவது சொல்லலாம். ஸ்டியரிங் பெட்டி, பிரேக், டேஷ்போர்டு, காற்றுப்பை, வயரிங் எல்லாமே இடம் மாற வேண்டும். பலரும் மறப்பது முன்விளக்கை. வலப்பக்கம் ஓட்டும் நாட்டின் விளக்கு, சாலையின் வலது ஓரத்தை நோக்கி ஒளியைச் சாய்க்கும். இங்கே அந்தப் பக்கத்தில்தான் எதிரே வருபவர் இருக்கிறார். இருட்டில் பீடோர் சாலையில் மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண்ணை நினைத்துப் பாருங்கள்.

ஒரே நிறுவனம் நமக்கு ஹைலக்ஸும் அமெரிக்கருக்கு டகோமாவும் ஏன் செய்கிறது? இந்தக் கதையில் கோழி வருகிறது! 1960களின் தொடக்கத்தில் பிரான்ஸும் மேற்கு ஜெர்மனியும் அமெரிக்கக் கோழி இறைச்சிக்கு வரியை உயர்த்தின. பதிலடியாக அதிபர் லிண்டன் ஜான்சன் சில பொருள்களுக்கு 25 விழுக்காடு வரி விதித்தார். பிராந்தியும் உருளைக்கிழங்கு மாவும் அந்தப் பட்டியலில் இருந்தன. சிறிய லாரியும் இருந்தது. 1964 முதல் நடப்பில் உள்ள இந்த 'கோழி வரி'யில் மற்றவை பின்னர் விலக்கப்பட்டன, லாரிக்கான வரி மட்டும் நிலைத்துவிட்டது.

ஜப்பானியர் சும்மா இருக்கவில்லை. பின்தொட்டி இல்லாத வண்டிக்கு வரி 4 விழுக்காடுதான். அதனால் முன்பகுதியையும் சட்டத்தையும் மட்டும் கப்பலில் அனுப்பி, தொட்டியைக் கலிபோர்னியாவில் பொருத்தினார்கள். 1980இல் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. பிறகு வண்டியையே அமெரிக்காவில் செய்யத் தொடங்கினார்கள். 1995இல் அமெரிக்கச் சந்தைக்கென்றே டகோமா பிறந்தது. 1968 முதல் உலகம் சுற்றும் ஹைலக்ஸுக்கு அங்கே இன்று இடமில்லை. அங்குள்ள சில இளைஞர்கள் நம் ஊர் ஹைலக்ஸுக்காக ஏங்குகிறார்கள் என்றால் சிரிப்பு வரும், ஆனால் அது உண்மை.

இனி இரண்டாவது கேள்வி. ஃபோர்டு நிறுவனமே ராப்டரை நம் வட்டாரத்துக்காக மறுபடி செய்தது. 2018 பிப்ரவரியில் பாங்காக்கில் அறிமுகமான ரேஞ்சர் ராப்டர், தாய்லாந்தில் தயாராகி வலப்பக்க ஸ்டியரிங்கோடு இங்கு வந்தது. அதன் அடியில் குனிந்து பாருங்கள். சாதாரண பிக்கப்பின் பின்சக்கரத்தின் மேல் இரும்புப் பட்டைகளை அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் இருக்கும். ராப்டரில் சுருள் ஸ்பிரிங். மேடு பள்ளத்தில் வேகமாகப் பாயச் சுருள் நல்லது. கனம் தாங்கப் பட்டை நல்லது. ஒரு குலை 20 கிலோ என்றால் ஒரு டன்னுக்கு 50 குலை. அந்த வேலையைத் தோட்டத்து ஹைலக்ஸ் செய்யும். ராப்டர் அவ்வளவு ஏற்றாது.

தெலுக் இந்தானை ஒட்டியுள்ள ஜெண்டராத்தா தோட்டம் 1906இல் தொடங்கியது. களிமண் நிலம், மழை பெய்தால் சக்கரம் புதையும். அங்கே செம்பனைக் குலையை ஆலைக்குக் கொண்டுபோகப் பெரிய டயரைத் தேடவில்லை. தோட்டத்துக்குள் குறுகிய தண்டவாளம் போட்டுச் சிறு ரயில் விட்டார்கள்.

பட்டறையில் நடப்பது வேறு. முகப்பு மாற்றுவார்கள், உடலை உயர்த்துவார்கள், டயரைப் பெரிதாக்குவார்கள். முகப்பை விடுங்கள், மற்ற இரண்டுக்கும் கணக்கு உண்டு. இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் இடையே 1.5 மீட்டர், புவியீர்ப்பு மையத்தின் உயரம் 0.75 மீட்டர் என்று வையுங்கள். அகலத்தில் பாதியை உயரத்தால் வகுத்தால் 1.0. வண்டியின் மையம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் அது 0.88 ஆகும். 45 பாகை சாய்வு வரை நிற்க வேண்டிய வண்டி 41 பாகையிலேயே கவிழும். 1885இல் கட்டிய நம் கோபுரம் சாய்ந்தும் விழாமல் நிற்பது இதே விதியால்தான்: அதன் மையம் இன்னும் அடித்தளத்துக்கு மேலேயே இருக்கிறது. கோபுரம் வளைவில் திரும்ப வேண்டியதில்லை!

டயருக்கு வருவோம். 265/65 ஆர்17 டயரின் விட்டம் ஏறக்குறைய 776 மில்லிமீட்டர். 285/70 போட்டால் 831. மீட்டர் 90 காட்டும்போது உண்மையில் 96இல் போய்க்கொண்டிருப்பீர்கள்.

1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும் 1959ஆம் ஆண்டு வாகனக் கட்டுமான விதிகளும் இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகின்றன. பெரிய மாற்றம் செய்யுமுன் ஜேபிஜேயின் அனுமதி தேவை. அனுமதியில்லாமல் மாற்றிய வண்டி விபத்தில் சிக்கினால் காப்புறுதி இழப்பீடு கிடைக்காமல் போகலாம். ஆனால் வங்கித் தவணை நிற்காது. ஏற்கெனவே மாற்றிய வண்டியை மலிவாக வாங்குபவர், சட்டத்தில் பொறித்த எண்ணும் இயந்திர எண்ணும் கிராண்டில் உள்ளவையா என்று முதலில் பாருங்கள். எண் பொருந்தாவிட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

இதையே தொழிலாகச் செய்ய ஆசைப்படுபவர்களும் இருப்பீர்கள். ஈப்போவில் 1969இல் தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் டிப்ளோமா உண்டு. கையால் செய்து கற்க விரும்புபவர்களுக்கு எஸ்கேஎம் வாகனத் தொழில்நுட்பச் சான்றிதழ் மூன்று நிலைகளில் இருக்கிறது, அதற்குமேல் திறன் டிப்ளோமாவும் உண்டு. பணம் கட்டுமுன் அந்தப் பயிற்சி மையம் அங்கீகாரம் பெற்றதா என்று திறன் மேம்பாட்டுத் துறையிடம் கேட்டுவிடுங்கள்.