ஹென்றியின் கை மறக்கவில்லை

ஒரு தாளில் ஐந்து முனை நட்சத்திரம். ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைக் கோட்டில் வரையப்பட்டிருக்கிறது. அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவே, எதிலும் படாமல் பென்சிலை ஓட்டிக்கொண்டு வர வேண்டும். கேட்பதற்கு எளிது. ஆனால் தாளை நேராகப் பார்க்கக் கூடாது. கையை ஒரு தடுப்பு மறைத்திருக்கும்; எதிரே இருக்கும் கண்ணாடியைப் பார்த்துத்தான் வரைய வேண்டும். வீட்டில் செய்து பாருங்கள். முனை திரும்பும் இடத்தில் பென்சில் நாம் நினைத்ததற்கு நேர்மாறான பக்கம் இழுத்துக்கொண்டு ஓடும். திரும்பத் திரும்பச் செய்தால்தான் கைக்குப் பிடிபடும்.

ஹென்றி மொலைசன் இதை மூன்று நாள் செய்தார். மூன்றாம் நாள் அவர் கோடு கிட்டத்தட்டப் பிசகே இல்லாமல் வந்தது. அவருக்கே ஆச்சரியம். கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன், நன்றாகவே வந்துவிட்டதே என்கிற பொருளில் சொன்னார். ஏனென்றால், அந்த நட்சத்திரத்தை அதற்கு முன் பார்த்த நினைவே அவருக்கு இல்லை. அவரைப் பொறுத்தவரை ஒவ்வொரு நாளும் அதுதான் முதல் தடவை.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 1926இல் பிறந்தவர் ஹென்றி. சிறு வயதிலேயே வலிப்பு வந்தது. வளர வளர முற்றியது. மருந்து எதற்கும் அடங்காத நிலையில், 1953இல், அவருடைய 27ஆம் வயதில், ஹார்ட்ஃபோர்ட் நகரில் வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இரு பக்கத்திலும், நெற்றிப்பொட்டுக்கு உள்ளே ஆழத்தில் இருக்கும் ஒரு பகுதியை உறிஞ்சி எடுத்தார். ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதி அதோடு போயிற்று. வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து ஹென்றிக்குப் புதிதாக எதுவும் நினைவில் தங்கவில்லை. சாப்பிட்டது தெரியாது, சற்றுமுன் பேசிவிட்டுப் போனவரைத் தெரியாது. ஸ்கோவிலைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அந்த உறுப்பின் வேலை என்னவென்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. விளைவு தெரிந்ததும், இதை வேறு யாருக்கும் செய்துவிடாதீர்கள் என்று சக மருத்துவர்களை எச்சரித்தவரும் அவர்தான்.

பிரெண்டா மில்னர் என்ற இளம் உளவியலாளர் மான்ட்ரியலிலிருந்து இரவு ரயிலேறி வந்து ஹென்றியைச் சோதித்தார். 1957இல் ஸ்கோவில், மில்னர் இருவர் பெயரிலும் வெளிவந்த கட்டுரையோடுதான் நினைவைப் பற்றிய அறிவியல் புதிதாகத் தொடங்கியது என்றே சொல்லலாம். ஹென்றியின் புத்திக்கூர்மை குறையவில்லை. பேச்சு, பண்பு, நகைச்சுவை எல்லாம் அப்படியே இருந்தன. பிள்ளைப் பருவத்து நினைவுகளும் இருந்தன. ஒருமுறை 584 என்ற எண்ணைக் கொடுத்து நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஐந்தும் எட்டும் நான்கும் சேர்ந்தால் பதினேழு என்று மனத்துக்குள் ஓயாமல் கணக்குப் போட்டபடியே கால் மணி நேரம் அதை விடாமல் பிடித்திருந்தார். கவனம் வேறு பக்கம் திரும்பிய சற்று நேரத்தில் எண்ணும் போயிற்று, எண் கொடுத்தார்கள் என்பதும் போயிற்று.

இங்கேதான் கைகூப்பத் தோன்றுகிறது. நினைவு என்று நாம் ஒரே பெயரால் அழைப்பது ஒன்றல்ல, பல. படைத்தவன் இந்தச் செல்வத்தை ஒரே பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. இந்த நொடி மனத்தில் ஏந்தியிருப்பதற்கு ஓர் ஏற்பாடு. இன்று நடந்ததைப் பதிய வைப்பதற்கு ஹிப்போகாம்பஸ். அதுவும் நிரந்தரக் கிடங்கல்ல. பதிந்தது சிறிது சிறிதாக மூளையின் மேலுறை முழுக்கப் பரவி ஊன்றுகிறது. ஹென்றியின் பால்ய நினைவுகள் பிழைத்தது அதனால்தான். நாம் அயர்ந்து தூங்கும் நேரத்திலும் இந்த வேலை நிற்பதில்லை. பகலில் ஓடிய பாதையை எலியின் ஹிப்போகாம்பஸ் தூக்கத்தில் மறுபடி ஓட்டிப் பார்ப்பதை 1994இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தார்கள். சைக்கிள் ஓட்டுவது, பூத்தொடுப்பது, கண்ணாடியைப் பார்த்துக் கோடு போடுவது போன்ற கைப்பழக்கமோ வேறொரு வழியில், சிறுமூளையும் அதைச் சார்ந்த பிற பகுதிகளும் சேர்ந்து கற்றுக்கொள்வது. ஹென்றிக்கு அந்த வழி திறந்தே இருந்தது.

அச்சத்துக்கும் தனி வழி உண்டு. ஜெனீவாவில் எட்வார் கிளாபரெட் என்ற மருத்துவரிடம் நினைவிழந்த பெண்மணி ஒருவர் இருந்தார். வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரையே ஒவ்வொரு முறையும் புதியவராக நினைப்பவர். ஒருநாள் கிளாபரெட் விரலிடுக்கில் குண்டூசியை மறைத்துக்கொண்டு அவரிடம் கைகுலுக்கினார். குத்தியது, சற்று நேரத்தில் மறந்தும் போனது. ஆனால் அடுத்து கை நீட்டியபோது அந்த அம்மாள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வற்புறுத்தியபோது, சிலர் கைக்குள் ஊசி ஒளித்திருப்பார்களே என்றார். கிளாபரெட் இதை 1911இல் எழுதினார். இன்று எந்த மருத்துவரும் இப்படிச் செய்யக் கூடாது. ஆனால் அந்தப் பெண்மணியின் கை சொன்ன உண்மை பெரியது.

ஹென்றியை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சூசன் கோர்கின் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். ஹென்றிக்கு அவர் பெயர் தெரியாது. ஆனால் பழகிய முகம் என்ற உணர்வு மட்டும் வந்துவிட்டது. பள்ளியில் தன்னோடு படித்தவர் என்றே எண்ணிக்கொண்டார். 2008இல், 82ஆம் வயதில் ஹென்றி இறக்கும்வரை அவர் பெயர் உலகுக்குத் தெரியாது, ஹெச்.எம். என்ற இரண்டு எழுத்துகள்தான். மறு ஆண்டு அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் 53 மணி நேரம் இடைவிடாமல் அவர் மூளையை 2,401 சீவல்களாகச் சீவி, ஆய்வுக்காகப் பாதுகாத்து வைத்தார்கள். தான் என்ன கொடுத்தோம் என்பதையே நினைவில் வைத்திருக்க முடியாத ஒருவரிடமிருந்து மனித குலம் இவ்வளவு பெற்றுக்கொண்டது.

2010இல் அயோவா பல்கலைக்கழகத்தில் ஹிப்போகாம்பஸ் பழுதான சிலருக்குச் சோகமான திரைப்படக் காட்சிகளைக் காட்டினார்கள். சற்று நேரத்தில் காட்சிகள் மறந்துபோயின. துக்கம் மட்டும் மனத்தில் நின்றது, ஏன் என்றே தெரியாமல். மகிழ்ச்சியான காட்சிகளுக்குப் பின் மகிழ்ச்சியும் அப்படியே நின்றது. அல்சைமர் நோயாளிகளிடமும் பின்னர் இதையே கண்டார்கள். ஹிப்போகாம்பஸையும் அதை ஒட்டிய பகுதியையும்தான் அந்த நோய் முதலில் அரிக்கிறது.

உங்கள் வீட்டிலோ உறவிலோ அப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், "நான் யாருன்னு தெரியுதா, சொல்லுங்க பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, சிரித்துப் பேசிவிட்டு வாருங்கள். நீங்கள் வந்துபோனது அவர்களுக்கு மறந்துவிடும் என்பதற்காகப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.