நாலு குரல், ஒரு ஒயர்

இரண்டு கேம் பாய்களை மேசையில் வைத்து, இரண்டிலும் ஒரே பாட்டை ஏற்றி, இரண்டு கட்டைவிரல்களாலும் ‘ஸ்டார்ட்’ பொத்தானை ஒரே சமயத்தில் அழுத்திப் பாருங்கள். ஒரே சமயத்தில் அழுத்திவிட்டதாகத்தான் தோன்றும். ஸ்பீக்கர் வேறு கதை சொல்லும். ஒரு வினாடியை ஆயிரம் பங்காக்கி, அதில் முப்பது பங்கு முன்பின் ஆனாலே போதும். ஒரு டிரம் அடி இரண்டாகக் கேட்கத் தொடங்கிவிடும்.

அதிர்ஷ்டவசமாக விரல்கள் ஒத்துழைத்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த தொல்லை பெட்டிக்குள் இருக்கிறது. ஒவ்வொரு கேம் பாயிலும் வினாடிக்கு 41,94,304 முறை துடிக்கும் படிகம் ஒன்று உண்டு. பெட்டியின் எல்லா வேலைக்கும் அதுதான் கடிகாரம். எந்த இரண்டு படிகமும் அச்சு அசலாக ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. லட்சத்துக்கு ஐந்து பங்கு வித்தியாசம் என்று கொண்டால், நாலு நிமிடப் பாட்டில் 12 மில்லிவினாடி விலகும். யாருக்கும் தெரியாது. ஆனால் நிறுத்தாமல் அரை மணி நேரம் வாசித்தால் விலகல் 90 மில்லிவினாடி. அப்போது கேட்பவர் முகம் சுளிப்பார்.

சரி, எதற்காக இரண்டு பெட்டி? ஒன்று போதாதா? போதாது. ஏன் போதாது என்பதில்தான் கேம் பாய் சங்கீதத்தின் சுவையே இருக்கிறது.

நின்டென்டோ நிறுவனம் 1989-ல் ஜப்பானில் வெளியிட்ட கேம் பாய்க்கு நாலே நாலு குரல். முதல் இரண்டும் சதுர அலைகள். கூர்மையாக, கொஞ்சம் மூக்கால் பாடுவது போல் ஒலிப்பவை. மூன்றாவது குரலின் அலை வடிவத்தை நாமே வரைந்துகொள்ளலாம்: 32 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் 16 உயரங்களில் ஏதாவது ஒன்று. நாலாவது வெறும் இரைச்சல். ‘ஸ்’ஸும் ‘ஷ்’ஷும் அதில் கிடைக்கும். இந்த ஒலிப்பகுதியை வடிவமைத்தவர் ஹிரோகாசு தனாகா. கேம் பாய் டெட்ரிஸ் விளையாட்டின் இசைக்குப் பொறுப்பானவரும் அவரே. கேம் பாயும் அதன் வண்ணத்திரைத் தம்பியும் சேர்ந்து உலகெங்கும் 11 கோடிக்கு மேல் விற்றன. நம் ஊரில் அந்த அலை பெரிதாக அடிக்கவில்லை. இங்கே பிள்ளைகள் கையில் இருந்தது ‘9999 இன் ஒன்’ என்று பெருமை பேசிய பிரிக் கேம்தான். அதன் ‘பீப்’பைக் கேட்டு வளர்ந்தவர்கள் கேம் பாயின் நாலு குரலைக் கேட்டால் அது அரண்மனைக் கச்சேரி.

விளையாடுவதற்கு அது போதும். இசையமைக்க உட்கார்ந்தால் நாலாம் நிமிடமே நெருக்கடி. சதுர அலை ஒன்றுக்கு மெட்டைக் கொடுத்தாயிற்று. இன்னொன்று அதற்கு எதிரொலி. மூன்றாவது குரலில் பேஸ். நாலாவதில் ஹை-ஹாட், ஸ்னேர். இப்போது கார்டு வாசிக்க ஆளில்லை. அதற்கு ஒரு பழைய தந்திரம் இருக்கிறது: மூன்று சுரங்களை ஒரே குரலில் மின்னல் வேகத்தில் மாறி மாறி ஒலிக்கவிடுவது. காது அதைக் கார்டு என்று ஒப்புக்கொள்ளும். பழைய வீடியோ கேம்களில் கேட்கும் அந்தக் ‘குறுகுறு’ சத்தம் இப்படிப் பிறந்ததுதான். பதிவு செய்த டிரம் ஒலி வேண்டுமென்றால் அதற்கும் இடம் அதே மூன்றாவது குரல்தான். டிரம் விழும் கணத்தில் பேஸ் வாயை மூடிக்கொள்ள வேண்டும். ஆகவே இரண்டாவது பெட்டி. எட்டுக் குரல்.

இந்தப் பெட்டியை வாத்தியமாக்கியதில் இருவர் பெயரைச் சொல்லாமல் தாண்ட முடியாது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கலை படித்துக்கொண்டிருந்த ஒலிவர் விட்சோ, 1998-ல் ‘நானோலூப்’ என்ற நிரலை எழுதினார். திரையில் நாலுக்கு நாலாகப் பதினாறு கட்டங்கள். ஒவ்வொன்றாகக் கடந்துபோகும் ஒரு புள்ளி. கட்டத்தை நிரப்பினால் ஒலி, விட்டால் மௌனம். மிகச் சிக்கனமான திரை. சில ஆண்டுகளில் ஸ்வீடனிலிருந்து யோஹான் கோட்லின்ஸ்கியின் ‘லிட்டில் சவுண்ட் டிஜே’ வந்தது. அதை எல்எஸ்டிஜே என்பார்கள். இது நேர் எதிர்த் துருவம்: திரை முழுக்கப் பதினாறடிமான எண்கள், பாட்டு, சங்கிலி, வரி, வாத்தியம் என்று பக்கம் பக்கமாக அடுக்கு. பார்த்தால் கணக்குப் பிள்ளையின் பேரேடு மாதிரி இருக்கும். ஆனால் திசைப் பொத்தானும் ‘ஏ’, ‘பி’, ‘ஸ்டார்ட்’, ‘செலக்ட்’டும் மட்டுமே வைத்துக்கொண்டு ஒரு முழு ஸ்டூடியோவை ஓட்ட முடியும் என்று காட்டியது அதுதான். நானோலூப் விளையாடத் தூண்டும். எல்எஸ்டிஜே வேலை வாங்கும். பழகிய கை எல்எஸ்டிஜேயில் ஓடும் வேகத்தைப் பார்த்தால் எனக்குத் தட்டச்சுப் பரீட்சையில் முதலிடம் வாங்குபவர்கள் நினைவுக்கு வருவார்கள்.

இரண்டு பெட்டிகளையும் இணைக்கும் கேபிளுக்கு வருவோம். கேம் பாயின் பக்கவாட்டில் ஒரு சிறு துளை. இருவர் சேர்ந்து விளையாட வேண்டும் என்பதற்காக வைத்தது. அதற்குள் நடப்பது எளிமையானது: ஒரு பெட்டி கடிகாரத் துடிப்பைத் தரும், மற்றது வாங்கும். தருகிற பெட்டி வினாடிக்கு 8,192 துடிப்பு அனுப்பும். துடிப்புக்கு ஒரு பிட் வீதம் எட்டு பிட் நகர்ந்தால் ஒரு பைட். ஒரு பைட் போய்ச்சேர ஒரு மில்லிவினாடிகூட ஆகாது. காதுக்கு இந்தத் தாமதம் இல்லாததற்குச் சமம். வாங்குகிற பெட்டிக்கோ சொந்தப் புத்தி கிடையாது. துடிப்பு வரும்வரை எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும்.

இந்தக் குணத்தை எல்எஸ்டிஜே அப்படியே பயன்படுத்திக்கொண்டது. இரண்டாவது பெட்டியில் ஸ்டார்ட்டை அழுத்தினால் பாட்டு ஓடாது. திரையில் ‘வெயிட்’ என்று ஒரு சொல் தோன்றும். முதல் பெட்டி ஓடத் தொடங்கிய கணத்தில் அதுவும் கிளம்பும். அதன்பின் அதில் குறித்து வைத்த டெம்போ செல்லாது. முதல் பெட்டி அனுப்பும் ‘டிக்’குகளை எண்ணுவது மட்டுமே அதன் வேலை. ஒரு பீட்டுக்கு 24 டிக். 120 டெம்போவில் டிக்குக்கும் டிக்குக்கும் இடைவெளி ஏறக்குறைய 20.8 மில்லிவினாடி.

24 என்பது சும்மா வந்த எண் அல்ல. 1980-களின் தொடக்கத்தில் ரோலண்ட் நிறுவனம் தன் டிரம் இயந்திரங்களை இணைக்க அதைப் பயன்படுத்தியது. மின்வாத்தியங்களை இணைக்க 1983-ல் வந்த மிடி முறையும் அதையே எடுத்துக்கொண்டது. கர்நாடக சங்கீதம் கேட்பவருக்கு இதன் வசதியும் வம்பும் உடனே பிடிபடும். 24-ஐ நாலால் வகுக்கலாம், மூன்றால் வகுக்கலாம். சதுஸ்ர நடையும் திஸ்ர நடையும் பிசிறில்லாமல் உட்காரும். ஒரு பெட்டி பீட்டுக்கு நாலாகவும் மற்றது மூன்றாகவும் வாசிக்கலாம், இரண்டும் பீட்டில் வந்து சேர்ந்துகொள்ளும். ஐந்து? கண்ட நடைக்கு 24 மசியாது. எல்எஸ்டிஜேயில் டிக்குகளை நாமே பங்கிட ‘க்ரூவ்’ என்று ஒரு பக்கம் இருக்கிறது. அதில் 5, 5, 5, 5, 4 என்று எழுதிச் சமாளிக்கலாம். கடைசி அட்சரம் ஒரு டிக் குட்டை. மிஸ்ரத்துக்கு 4, 3, 4, 3, 4, 3, 3. நொண்டத்தான் செய்யும். ஆனால் அந்த நொண்டலை வேண்டுமென்றே வைத்து ஆடவைப்பவர்களும் உண்டு. 8, 4 என்று பங்கிட்டால் கிடைக்கும் ஊசலாட்டம் இதன் மூத்த அண்ணன்.

இன்னொரு குறை இதைவிடப் பெரியது. கச்சேரியில் தாளம் போடுகிறவர் கையைப் பார்த்தால் இது எத்தனையாவது அட்சரம், சமம் எங்கே என்று தெரிந்துவிடும். இடையில் தவறிய மிருதங்கக்காரர் ஒரு பார்வையில் திரும்பிச் சேர்ந்துகொள்வார். கேபிளில் வரும் டிக்கில் அந்தத் தகவல் கிடையாது. ‘இப்போது’ என்று மட்டும் சொல்லும். ‘எங்கே’ என்று சொல்லாது. முனையில் தூசி அடைந்து ஒரே ஒரு டிக் விட்டுப்போனால், இரண்டாவது பெட்டி அந்தப் பாட்டு முடியும்வரை 20.8 மில்லிவினாடி பின்னாலேயே வரும். தானாகத் திருத்திக்கொள்ள வழியில்லை. நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும், அல்லது கேட்பவர்கள் கவனிக்கமாட்டார்கள் என்று நம்ப வேண்டும்.

கேபிளே கழன்றுவிட்டால் என்ன ஆகும் என்பது மேடை ஏறுபவர்களின் துர்க்கனவு. இரண்டாவது பெட்டி நின்ற இடத்தில் நிற்கும். நிற்பது எண்ணிக்கைதான், ஒலிச்சில்லு நிற்பதில்லை. கடைசியாகப் பிடித்த சுரம் தேய்ந்து அடங்கும்படி அமைக்கப்படாத சுரமாக இருந்தால், யாராவது கைவைக்கும்வரை ஊளையிட்டுக்கொண்டே இருக்கும். அதனால் பிளாஸ்டிக் டேப் ஒட்டிக் கேபிளை மேசையோடு கட்டிப்போடுவது இந்தக் கலையில் ஸ்ருதி சேர்ப்பதற்குச் சமமான முன்னேற்பாடு.

முன்கூட்டியே கவனிக்க வேறு சில சங்கதிகளும் உண்டு. பெட்டியின் ஹெட்போன் துளை வழியே வரும் ஒலி உள்ளே இருக்கும் சின்ன ஆம்ப்ளிஃபயரைத் தாண்டி வருகிறது. வரும்போது இரைச்சலையும் கூட்டி வருகிறது. அதனால் பெட்டியைத் திறந்து, வால்யூம் திருகிக்கு முன்பே ஒலியைப் பிடித்து, தனி ஜாக் ஒன்றைச் சால்டர் செய்து வைத்துக்கொள்கிறார்கள். பேஸ் கனக்கும். 1989-ஆம் ஆண்டின் சாம்பல் நிறப் பெட்டிக்கு இன்றும் இவ்வளவு கிராக்கி இருப்பது அந்தக் கனத்துக்காகத்தான். பின்னால் வந்த கேம் பாய் அட்வான்ஸில் சத்தம் மெலிந்து, பின்னணியில் சீறல் கேட்கும். பவர் அடாப்டரைவிட நாலு பென்சில் பேட்டரி மேல் என்பதும் பரவலான நம்பிக்கை. ஹம் ஒலிக்குப் பயந்து. பாட்டுகளோ கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு பட்டன் பேட்டரியின் தயவில் உயிர் வாழ்கின்றன. அது தீர்ந்தால் பாட்டும் போச்சு.

கேபிளை வேண்டாம் என்று ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. எல்எஸ்டிஜேயில் அடுத்த பாட்டை ஏற்றும்போது ஓடுகிற பாட்டு நின்றுபோகும். ஆகவே இரண்டு பெட்டிகளையும் டிஜே மிக்சரில் தனித்தனியாகச் செருகி, ஒன்று பாடும்போது மற்றதில் அடுத்ததை ஏற்றி, டெம்போவைக் கையால் தட்டிச் சேர்ப்பார்கள். இசைத்தட்டு வாசிப்பவர்கள் காலங்காலமாகச் செய்வது. எட்டுக் குரல் கிடைக்காது, மௌனமும் விழாது.

நியூயார்க்கில் 2006 முதல் சில ஆண்டுகள் நடந்த ‘ப்ளிப்’ விழாவில் இரண்டு வகையினரும் மேடை ஏறினார்கள். நல்ஸ்லீப், பிட் ஷிஃப்டர் போன்றவர்கள் அங்கே கேம் பாயைக் கையில் பிடித்துக்கொண்டு ராக் பாடகர்கள் போலக் குதித்தார்கள். இதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவை நிர்வகித்த மால்கம் மெக்லாரன், ‘வயர்ட்’ பத்திரிகையில் இந்த இசையை அடுத்த பங்க் என்று அறிவித்துவிட்டார். சம்பந்தப்பட்டவர்களில் பலருக்கு அது பிடிக்கவில்லை. இரவெல்லாம் எண்களைத் திருத்திக்கொண்டிருப்பவனைக் கலகக்காரன் என்றால் அவனுக்கே சிரிப்பு வராதா?

இது ‘நேரடி இசை’தானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. முன்பே எழுதிவைத்ததை ஓடவிட்டுத் தலையாட்டுகிறார்கள் என்பது ஒரு கட்சி. சிலர் அப்படித்தான் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் எல்எஸ்டிஜேயின் லைவ் முறையில் நாலு குரலையும் தனித்தனியாகக் கிளப்பலாம், நிறுத்தலாம், ஒரு குரலை மட்டும் வேறு பகுதிக்குத் தாவச் செய்யலாம். இரண்டு பெட்டி, இரண்டு ஆள், எட்டுக் குரல் என்றாகும்போது யார் எப்போது எதை விடுவது என்பது அங்கேயே, கண்ணாலேயே பேசித் தீர்க்க வேண்டியதாகிறது. டெம்போவைப் பற்றிய கவலையைக் கேபிள் எடுத்துக்கொள்வதால்தான் மனிதர்களுக்கு அந்தப் பேச்சுக்கு நேரம் கிடைக்கிறது. என் ஓட்டு இந்தக் கட்சிக்கு.

கேம் பாயை மற்ற வாத்தியங்களோடு உட்காரவைத்தவர் ட்ராஷ்80 என்ற பெயரில் இசையமைக்கும் டிமத்தி லாம்ப். அவருடைய ‘ஆர்டுயினோபாய்’, ஆர்டுயினோ பலகை ஒன்றை நடுவில் வைத்து மிடி டிக்கைக் கேம் பாய்க்குப் புரியும் துடிப்பாக மாற்றுகிறது. சர்க்யூட்டையும் நிரலையும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்; சால்டரிங் தெரிந்தவர் வீட்டிலேயே செய்துகொள்ளலாம். அதன்பின் கேம் பாய் சிந்தசைசருக்குப் பக்கத்திலும் கணினிக்குப் பக்கத்திலும் ஒரே தாளத்தில் உட்கார்ந்தது.

மற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. 2008-ல் வந்த ‘கோர்க் டிஎஸ்-10’ நின்டென்டோ டிஎஸ்ஸைச் சிந்தசைசராக்கியது. பல டிஎஸ்களைக் கேபிளே இல்லாமல் சேர்ந்து வாசிக்க வைத்தது. 2015-ல் ஸ்வீடனின் டீனேஜ் எஞ்சினியரிங், பழைய கேம் அண்டு வாட்ச் ஜாடையில், கால்குலேட்டர் அளவில் ‘பாக்கெட் ஆபரேட்டர்’ விட்டது. அதன் ஒத்திசைவு முறை முரட்டுத்தனமான அழகு: சாதாரண ஹெட்போன் ஒயரில் ஒரு பக்கம் இசை, மறுபக்கம் வெறும் ‘டக் டக்’ துடிப்பு, பீட்டுக்கு இரண்டு. ஸ்டீரியோவில் பாதியைத் தாளத்துக்குத் தாரைவார்த்துவிட்டார்கள். கோர்க்கின் வோல்கா பெட்டிகளும் பீட்டுக்கு இரண்டு துடிப்பே கேட்பதால் இரண்டு நிறுவனத்தின் பொருட்களும் ஒரே ஒயரில் ஓடும். பீட்டுக்கு இரண்டே துடிப்பு என்பதால் நடுவில் இருப்பதைப் பெட்டியே ஊகித்து நிரப்ப வேண்டும்; டெம்போவைத் திடீரென்று மாற்றினால் ஊகம் தடுமாறும்.

2021-ல் வெளிவந்த ‘அனலாக் பாக்கெட்’ என்ற புதிய கைப்பெட்டியில் நானோலூப் உள்ளேயே வருகிறது, கேபிள் துளையும் இருக்கிறது. ஆனால் அது பிற்காலச் சிறிய துளை. 1996-ல் கேம் பாய் பாக்கெட் வந்தபோதே நின்டென்டோ கேபிள் முனையைச் சுருக்கிவிட்டது. 1989-ஆம் ஆண்டுப் பெட்டியைப் பின்னால் வந்தவற்றோடு இணைக்க நடுவில் ஒரு மாற்றி முனை வேண்டும். கட்டைவிரல் நுனி அளவுள்ள பொருள். மேடை இருட்டில் விழுந்தால் கிடைக்காது. வாங்கும்போது இரண்டாக வாங்கிக்கொள்வது நல்லது.